முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் ஓர் அட்டை

எழுபதுகளின் தொடக்கத்தில், பென்னாகரம் பக்கத்து எங்கள் ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவனுக்கு இரண்டே வேலைகள் இருந்தன. ஒன்று, தருமபுரிக்குப் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிவது. மற்றொன்று, அதை நம்பி வேறு எந்த வேலையும் பார்க்காமல் இருப்பது. இரண்டையும் நான் திறம்படச் செய்தேன்.

பதிந்தவனுக்கு ஓர் அட்டை கொடுப்பார்கள். முன்னால் பதிந்தவனுக்கு முன்னால் கடிதம் வரும். அந்த வரிசைக்குப் பெயர் சீனியாரிட்டி. நிலம் எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருந்த பெண் வீட்டார்கூட, சீனியாரிட்டி எத்தனை வருஷம் என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் நிலப் பத்திரத்தையே கரையான் தின்றிருந்தது. அதனால் அப்பா அட்டையைக் கடைவீதிக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு, முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் மாட்டினார். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அதற்கும் பொட்டு வைத்தாள்.

"இனிமே ஒரு பூச்சி தொட முடியாதுடா" என்றார் அப்பா. பூச்சி மட்டுமல்ல, நாங்களும் தொடவில்லை. எனக்கு மூன்று வாரம் கழித்துப் பதிந்த எதிர் வீட்டுக்காரனின் அட்டைக்கும் அப்பாவே சட்டம் போட்டுக் கொடுத்தார். அவன் என்னோடு படித்தவன்.

வருஷங்கள் போயின, கடிதம் வரவில்லை. விசாரித்துவிடலாம் என்று சட்டத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

"என்னப்பா இது, சாமி படமா?" என்றார் குமாஸ்தா. ஆணியை நெம்பி அட்டையை எடுத்துத் திருப்பினார். "புதுப்பிக்கணும்னு பின்னாடி போட்டிருக்குதுல்ல? நேத்தோட கெடு முடிஞ்சிருச்சு. சீனியாரிட்டி போச்சு. புதுசாப் பதிஞ்சுக்க."

பின்பக்கத்தை மூடி ஆணியடித்து, முன்பக்கத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று எந்த வாயால் சொல்வது? புதிதாகப் பதிந்துகொண்டேன். திரும்பும் பஸ்ஸில் அழுதேன். பழைய அட்டையைச் சட்டத்துக்குள் வைத்து, புது அட்டையைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு ஊரில் இறங்கினேன்.

எதிர் வீட்டுக்காரன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "என்னடா சொன்னாங்க?"

அவன் கெடுவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் அவன் எனக்கு வருஷக்கணக்கில் முன்னால் நிற்பான்.

"வரும்னாங்க. வூட்ல பத்திரமா வெச்சிருக்கச் சொன்னாங்க" என்றேன்.

அந்த மூன்று வாரமும் தினமும் அவனோடு ஏரிக்கரைக்குப் போனேன். மழை பற்றிப் பேசினோம், ராகி விளைச்சல் பற்றிப் பேசினோம். நட்புக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

கெடு தாண்டிய பிறகு யாரோ சொல்லி அவனுக்கு விஷயம் தெரிந்தது. எங்கள் வாசலில் நின்று அப்பாவை வாய்க்கு வந்தபடி ஏசினான். "தெரியாம பண்ணிட்டேன் கண்ணு, உன் பொழப்பையும் கெடுத்துட்டேன், இவன் பொழப்பையும் கெடுத்துட்டேன்" என்று அப்பா கையைப் பிசைந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன், அப்போதுதான் கேள்விப்பட்டவன்போல.

சில வருஷம் கழித்து எனக்குக் கடிதம் வந்தது. எனக்குப் பின்னால் புதிதாகப் பதிந்த அவனுக்கு, கடிதம் வருவதற்குள் வயது வரம்பு தாண்டிவிட்டது.

நேர்முகத் தேர்வில் ஓர் அதிகாரி, அரசு வேலைக்கு ஏன் வர ஆசைப்படுகிறாய் என்று கேட்டார்.

"மக்களுக்குச் சேவை செய்யணுங்க, ஐயா" என்றேன். கொஞ்சமும் குரல் நடுங்கவில்லை. அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.