சரஸ்வதி பூஜையில் வைத்த டேப்

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பஸ் வேகமாகத் திரும்பினால் பயம், ஸ்டவ்வில் காற்றடித்தால் பயம், தந்திக்காரனின் சைக்கிள் மணி கேட்டால் ஊரில் யாரோ போய்விட்டார்கள் என்று பயம். இப்படிப்பட்டவளுக்கு எண்பதுகளின் தொடக்கத்தில் தில்லியில் கிடைத்தது, என்னென்ன கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே யோசித்துப் பயப்படுகிற வேலை. ஆளைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று அக்காவின் கணவர், அத்தான், கிண்டல் செய்வார்.

ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே, ரேடியம் பக்கம் வேலை செய்கிறவர்கள் நெஞ்சில் ஒரு சின்ன பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். உள்ளே ஒரு துண்டு பிலிம் இருக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை அதைக் கழுவிப் பார்த்தால் அவர் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டிருக்கிறது என்று தெரியும். அந்த எண்களைக் கம்ப்யூட்டர் டேப்பில் ஏற்றி, ஆளுக்கு ஆள் கூட்டி, அளவு மீறியவர்களைப் பற்றி ஆஸ்பத்திரிக்குச் சொல்வதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. எண் டேப்பில் ஏறியதும் பழைய பிலிம்களை வெள்ளி எடுக்கிறவர்களுக்கு ஏலம் விட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் அந்த எண் உலகத்தில் வேறெங்கும் இருக்காது. புது டேப்புகள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்; வரவில்லை. அதனால் இரண்டாவது பிரதி எடுக்கிற பேச்சு, பேச்சாகவே இருந்தது.

கரண்ட் போனால் ஏ.சி. நிற்கும். மே மாதத்துப் புழுதிக்காற்று இரட்டைக் கதவையும் தாண்டி உள்ளே வரும். டேப்பில் ஒரு தூசி ஒட்டினால் போதும், அந்த இடத்தில் இருக்கிற பிளாக்கை மெஷின் படிக்காது. ஒரு பிளாக் என்றால் ஏழெட்டுப் பேருடைய கணக்கு. இதற்காகப் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து லைப்ரரி என்று சொல்லப்படும், பிழை திருத்தும் புரோகிராம்களின் தொகுப்பு ஒன்றை வரவழைத்தோம். பெட்டி நிறையத் துளையட்டைகளாக வந்தது. அதை எங்கள் மெஷினுக்கு ஏற்ற மாதிரி மாற்றி ஓடவைக்கும் பொறுப்பு எனக்கு.

அது செய்கிற காரியம் லேசில் புரியக்கூடியதுதான். வரிசையாக எட்டு எண்கள், கீழே கூட்டுத்தொகை. ஓர் எண் மேல் மை கொட்டிவிட்டால், கூட்டுத்தொகையிலிருந்து மற்ற ஏழையும் கழித்தால் அது திரும்ப வந்துவிடும். லைப்ரரி இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக, எட்டு பிளாக்குக்கு இரண்டு விதக் கூட்டல் போட்டு இரண்டு உபரி பிளாக்குகளை எழுதிவைக்கும். காவல் பிளாக் என்று நான் பெயர் வைத்திருந்தேன். பத்தில் எந்த இரண்டு அழிந்தாலும் மீட்டுவிடலாம். ஆனால் இரண்டு அழிந்தபின், மிச்சமிருக்கிற எட்டில் ஒன்று சத்தமில்லாமல் தப்பாகியிருந்தால் அதைப் பிடிக்க ஆளில்லை. தப்பை வைத்துக் கணக்குப் போட்டுத் தப்பான எண்ணைத் தரும். தந்துவிட்டு, ‘திருத்தப்பட்டது’ என்று அச்சடித்தும் காட்டும். லைப்ரரியில் எனக்குப் பிடிக்காத இடம் அது ஒன்றுதான். தெரியாது என்று சொல்லத் தெரியாத மனிதர்களையும் எனக்குப் பிடிக்காது.

கிட்வாய் நகரில் அத்தானுக்குக் கிடைத்த சர்க்கார் குவார்ட்டர்ஸில் நாங்கள் மூன்று பேர். அக்கா நர்ஸ். புற்றுநோய் வார்டில், நோயாளிகளுக்கு ரேடியம் ஊசி வைக்கிற பிரிவில் பல வருஷமாக இருந்தாள். இரண்டு தடவை கர்ப்பம் தரித்து இரண்டும் தங்கவில்லை. இரண்டு தடவையும் முதல் மாதமே சர்ச்சில், ஆஸ்பத்திரியில், ஊருக்குக் கடிதத்தில் எல்லாம் சொல்லியாகிவிட்டது. பிறகு ஒவ்வொருவரிடமும் இல்லை என்றும் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வருஷம் மூன்றாவது தடவை. இந்தமுறை ஆறு மாதம் ஆகாமல் யாருக்கும் மூச்சுவிடப் போவதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். எனக்கும் அத்தானுக்கும் மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் சொன்னால் வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்களே, சொல்லேன் என்று நான் கெஞ்சினேன்.

“வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இரு பிள்ள,” என்றாள். “அதான் பேட்ஜ் இருக்குல்லா. கூடிச்சின்னா உங்க ஆபீஸ்லயே சொல்லிருவீக. உன் மெஷின் மேல உனக்கே நம்பிக்கை இல்லியா?”

இருந்தது. அக்டோபர் வரைக்கும் இருந்தது.

எங்கள் பிரிவின் தலைவர் கும்பகோணத்துக்காரர், நல்ல மனிதர். தில்லியில் எல்லோரும் ராவணனைக் கொளுத்தத் தயாராகிக்கொண்டிருக்கும்போது, அவர் அலுவலகத்தில் சரஸ்வதி பூஜை போடுவார். மேஜை மேல் படம், கம்ப்யூட்டர் கையேடுகளின் அடுக்கு, பிரிண்டருக்குச் சந்தனப் பொட்டு. வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிற நானும் ஆஜராகிவிடுவேன். சுண்டலுக்கு மதம் கிடையாது. அந்த வருஷம், எல்லாப் புத்தகத்தையும்விடப் பெரிய புத்தகம் இதுதானே என்று கதிர்க் கணக்கு டேப்பையும் படத்தின் முன்னால் வைத்தார்கள். ஜனக்புரியிலிருந்து வரும் பஞ்ச் ஆபரேட்டர் அம்மாள், டப்பாவுக்கா பூஜை, உள்ளே இருக்கிறதுக்குத்தானே என்று அதை வெளியே எடுத்துச் சக்கரத்துக்கே பொட்டு வைத்துவிட்டார். பூஜையில் வைத்த புத்தகத்தை விஜயதசமிக்கு முன்னால் எடுத்துப் படிக்கக் கூடாது. ஆகவே விடுமுறை முடியும் வரை அது அங்கேயே, திறந்தபடி, ஊதுபத்திச் சாம்பலுக்கும் குங்குமத்துக்கும் பக்கத்தில் இருந்தது.

விடுமுறை முடிந்த அன்று காலையில் வழக்கமான கூட்டலுக்காக அந்த டேப்பை மாட்டினேன். சக்கரம் சுற்றியது, நின்றது, பின்னால் போனது, மறுபடி முயன்றது. பிரிண்டரில் வரிசையாகச் செய்திகள் விழுந்தன. பெரும்பாலும் ஒற்றை பிளாக்குகள், எல்லாம் மீண்டுவிட்டன. ஒரே ஒரு பத்து பிளாக் கூட்டத்தில் மட்டும் இரண்டு போயிருந்தன. அதற்கும் எதிரே ‘திருத்தப்பட்டது’ என்றிருந்தது. திருத்தப்பட்ட பிளாக்கில் யார் யார் என்று பார்த்தேன். மூன்றாவது ஆள் அக்கா.

அவள் எண் இரண்டே இலக்கம். மேலும் கீழும் அதே வார்டு நர்ஸுகள். அவர்களுக்கெல்லாம் மூன்று இலக்கம். அக்காவின் கணக்கை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அளவு மீறிய பெரிய எண்ணைத்தான் எல்லோரும் தேடுவோம். சின்ன எண்ணை யார் சந்தேகப்படப் போகிறார்கள். அதே ஊசிகளைத் தொடுகிற கைகளில் இவளுக்கு மட்டும் எப்படி இவ்வளவு குறைவு? காவல் பிளாக் இரண்டும் செலவாகிவிட்டன. ஒரு குங்குமப் பொடி வேறொரு பிளாக்கில் ஓர் எழுத்தை மாற்றியிருந்தால் போதும். லைப்ரரி அக்காவுக்கு ஒரு எண்ணைக் கற்பனை செய்து கொடுத்திருக்கும். நிஜ எண் இதைப்போல ஐந்து மடங்கோ பத்து மடங்கோ, யார் கண்டது. அவள் தினமும் அந்த வார்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். வயிற்றில் நான்காவது மாதம். பிரிண்டர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தலைவர் ஓடிவந்தார். “எங்க அக்காவோட பிளாக் சார்,” என்றேன். ஏன் அழுகிறேன் என்று அதற்குமேல் சொல்ல முடியவில்லை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன். அவர் சக்கரத்தைக் கையில் எடுத்து விளிம்பில் இருந்த சிவப்பைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

“தொடச்சுட்டு இன்னொரு தரம் ஓட்டிப் பாக்கலாம்மா. ஆனா ஒரே தரம்தான். பொடி உள்ள சிக்கிண்டிருந்தா ஓட்ட ஓட்டக் கீறிண்டே போகும். அப்பறம் இருக்கறதும் போயிடும்.”

“இன்னைக்கே பாக்கலாம் சார்.”

“பயப்படாதே.”

இரண்டு பேருமாக ஸ்பிரிட்டும் நூல் பிரியாத துணியுமாக உட்கார்ந்தோம். அவர் டேப்பைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்ற, நான் துணியைத் தொட்டும் தொடாமலும் பிடித்திருந்தேன். துணி இளஞ்சிவப்பாக மாறியது. பஞ்ச் ஆபரேட்டர் அம்மாள் தூரத்தில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அவரைத் திட்ட வேண்டும் என்று காலையில் இருந்த வெறி எங்கே போனதென்று தெரியவில்லை. ஏசப்பா, அந்த ஒரு பிளாக் மட்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். மற்றவர்களுடைய பிளாக்குகளைப் பற்றி நினைக்கக்கூட இல்லை.

திருத்துகிற வேலையே இல்லாமல், டேப்பில் உள்ளதை உள்ளபடி படிக்கிற சின்ன புரோகிராமைப் போட்டு ஓட்டினேன். அந்த இடம் வந்ததும் சக்கரம் ஒருமுறை தயங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் பிரிண்டர் ஓடியது.

அக்காவின் பிளாக்கை மெஷின் படித்துவிட்டது. முன்பு லைப்ரரி கணக்குப் போட்டுத் தந்த தாளைப் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்த்தோம். ஒன்றுகூட மாறவில்லை. அதே இரண்டு இலக்கம். உயிர் போய் உயிர் வந்தது. தலைவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் காப்பி வாங்கிவரச் சொன்னார். பெங்களூர்க்காரர்களுக்கு நான் மனசார ஒரு கும்பிடு போட்டேன்.

அந்தச் சந்தோஷம் பஸ் நிறுத்தம் வரைக்கும்தான். எண் சரி. கெடவில்லை, மாறவில்லை. அப்படியென்றால் அதே வார்டில் அவளுக்கு மட்டும் ஏன் குறைவு? இதுவரை மெஷினைச் சந்தேகப்பட்டேன். இப்போது சந்தேகப்பட மெஷின் இல்லை. காலையில் இருந்ததைவிடப் பெரிய பயமாக அது வளர்ந்தது. “ஜல்தி, ஜல்தி” என்று கண்டக்டர் கத்தியும் நகராமல் படியிலேயே நின்றதற்கு நாலு பேர் திட்டினார்கள்.

வீட்டில் அக்கா சாயங்காலச் சமையலில் இருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களைக்குப் போனேன்.

“ஏட்டி, முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?”

“அக்கா, வார்டுல பேட்ஜ் எங்க குத்திக்கிடுவ?”

“எங்க குத்த? அது டியூட்டி ரூம்லல்லா இருக்கும்.” வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். “அன்னைக்கு எங்க வார்டுப் பிள்ளை ஒருத்தி பேட்ஜைத் தொலைச்சிட்டு என்ன பாடு பட்டா தெரியுமா. மேட்ரனுக்கு எழுதிக் குடு, ஸ்டோருக்கு எழுதிக் குடுன்னு அலையவிட்டுட்டாவ. அதுக்கப்பறம் நான் வந்ததும் கழத்தி ஆணியில மாட்டிருவேன். சாயங்காலம் அப்படியே எடுத்துக் குத்திக்கிட்டு வந்துருவேன். ஒரு தடவ தொலைச்சதில்ல, பத்திரமா வச்சிருக்கேன். அதே வார்டுதான, பக்கத்து ரூம்தான.”

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். கத்தியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். இவ்வளவு நாளாக எவ்வளவு பாடுபட்டு அந்த இரண்டு இலக்கத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறோம். அது அக்காவின் எண்ணே இல்லை, ஆணியின் எண்.

“அப்ப நான் எவ்வளவு வாங்கிருப்பேன் பிள்ள?”

“தெரியாதுக்கா.”

“மத்தவளுக அளவு இருக்குமா?”

“தெரியாது.”

“உன் லைப்ரரியில போட்டுக் கண்டுபிடிக்க முடியாதா?”

அவள் வயிற்றில் கை வைத்தபடி அதைக் கேட்டாள், மருந்துக்கடையில் மாற்று மருந்து இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி. அழிந்துபோனதைத்தான் மீட்கலாம் அக்கா, எங்கேயும் எழுதாததை எப்படி மீட்பேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் நானும் கூடப் போய் மேட்ரனிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அன்றைக்கே அக்காவைக் குழந்தைகள் வார்டுக்கு மாற்றினார்கள். டாக்டர் பரிசோதித்துவிட்டு, ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறேன் என்றார். அந்த ‘நினைக்கிறேன்’ எங்கள் வீட்டில் ஐந்து மாதம் குடியிருந்தது. அக்கா தூக்கத்தில் எழுந்து உட்காருவாள். அத்தான் ஜெபம் பண்ணுவார். நான் கொஞ்சமும் விஷயம் தெரியாதவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

பங்குனியில் பிரசவம். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, “லட்கி,” என்று பெண் குழந்தையை என் கையில் கொடுத்தாள். அத்தான் அதன் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தார். நான் துணியை விலக்கிக் கை விரல்களை எண்ணினேன். கால் விரல்களை எண்ணினேன். உள்ளே போய் அக்காவின் பக்கத்தில் குழந்தையைக் கிடத்தினேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை. வெளுத்துப்போயிருந்தாள்.

“எண்ணிட்டியா?”

“எண்ணிட்டேன்க்கா. எல்லாம் சரியா இருக்கு.”

“திரும்ப எண்ணு,” என்றாள்.