வின்னி எடுத்த கைக்குட்டை

வின்னி டூலன் கால்வேக்காரி. வேலிமேல் காயப்போட்டிருந்த இரண்டு படுக்கை விரிப்புகளை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஏழு வருஷம் நாடு கடத்தல் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நான் திருடியது ஒரு வாத்து, அதையும் தின்ன விடவில்லை. அயர்லாந்திலிருந்து ஒரே கப்பலில் வந்தோம். வழி முழுக்க அவள் வாந்தி எடுத்தாள், நான் திட்டிக்கொண்டே துடைத்தேன். கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். கரையிறங்கிய நாலாம் மாதம் அவளுக்கு நான்சி பிறந்தாள்.

ஆஸ்திரேலியாவில் பரமட்டா என்ற ஊரில் எங்களை வைத்திருந்த இடத்துக்குத் தொழிற்சாலை என்று பெயர், ஆனால் பூட்டு வெளியே இருக்கும். கம்பளி நூற்போம், சோளக்கூழ் குடிப்போம், மீதி நேரம் சண்டை போடுவோம். பிள்ளைகள் நாலு வயது வரைதான் தாயோடு இருக்கலாம். பிறகு அனாதைப் பள்ளிக்கு வண்டி ஏற்றிவிடுவார்கள். நான்சிக்கு நாலு வயது முடிந்ததும், அடுத்த திங்கட்கிழமைப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அதற்குள் வின்னிக்குக் கல்யாணமானால் மட்டுமே பிள்ளை தப்பும்.

எங்கள் கல்யாணம் ரொம்பச் சுருக்கம். அனுமதிச் சீட்டோடு ஓர் ஆண் வருவான். எங்களை வரிசையாக நிறுத்துவார்கள். பிடித்தவள் முன்னால் கைக்குட்டையைப் போடுவான். அவள் குனிந்து எடுத்தால் சம்மதம். வின்னி முன்னால் ஐந்து முறை விழுந்தது. ஒவ்வொரு முறையும் குனிவதற்கு முன்பே, "பிள்ளையும் வரும்" என்பாள். ஐந்து பேரும் கைக்குட்டையைத் தாங்களே பொறுக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். என் முன்னால் ஒன்றும் விழவில்லை. என் மூக்கு அப்படி.

சனிக்கிழமை ஹீலன் வந்தான். அவனும் பழைய கைதிதான். இப்போது விண்ட்சர் பக்கம் கொஞ்சம் நிலமும் மாடுகளும் வைத்திருந்தான். தொப்பியைக் கசக்கியபடி இரண்டு தடவை நடந்துவிட்டு, என் காலடியில் கைக்குட்டையைப் போட்டான்.

நான் குனிவதற்குள் பக்கத்திலிருந்து ஒரு கை வந்து அதை அள்ளிக்கொண்டது. வின்னி.

"என்னங்கடி இது?" என்றாள் மேற்பார்வைக்காரி. "யாரு முன்னாடி விழுந்துச்சு?"

வின்னி என்னைப் பார்க்கவில்லை. அவளைக் கொன்றுபோடலாம் போல இருந்தது. கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்டால் தரமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

"அவ முன்னாடிதாம்மா," என்றது என் வாய்.

"நீ சொல்லுய்யா. யாருக்குப் போட்ட?"

ஹீலன் என்னைப் பார்த்தான். வின்னியின் மூடிய கையைப் பார்த்தான். கதவோரம் மூக்கு ஒழுக நின்ற நான்சியையும் பார்த்தான். "எனக்குக் கை கொஞ்சம் கோணலுங்க," என்றான். "எடுத்தவங்களுக்கே இருக்கட்டும்."

"பிள்ளையும் வரும்," என்றாள் வின்னி.

"வண்டியில எடமிருக்கு. பால் கறப்பியா?"

"கறந்ததில்ல. நல்லாத் திட்டுவேன்."

"மாட்டுக்கு அது பழக்கந்தான்."

ஞாயிறு பூசை முடிந்ததும் பாதிரியார் மோதிரம் மாற்றிவைத்தார். வின்னி எனக்கு நன்றி சொல்லவில்லை. போகும்போது காதருகே, "உனக்கு அவன் சரிப்பட மாட்டான்டி, ரொம்பச் சாது," என்றாள். முப்பது வருஷம் அந்தச் சாதுவோடு வாழ்ந்தாள். கடைசிவரை பால் கறக்கக் கற்றுக்கொள்ளவில்லை. எனக்கு இரண்டு வருஷம் கழித்து ஒருவன் வந்தான். அவன் சாது இல்லை.

ஆனால் அந்தத் திங்கட்கிழமையைச் சொல்ல வேண்டும். காலையில் வண்டி வந்தது. ஏழு பிள்ளைகளை ஏற்றினார்கள். எங்களோடு நூல் நூற்ற பெகி தன் மகன் பின்னாலேயே ஓடி, சாத்திய கதவில் தலையை மோதிக்கொண்டாள். நான்தான் அவளைப் பிடித்தேன். என் கையைக் கடித்தாள், ரத்தம் வந்தது. கடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் பிடித்துக்கொண்டு நின்றது வின்னியை அல்ல என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.