கன்னியம்மா நடித்த மூன்றாம் காட்சி

கறிவேப்பிலையைக் கையில் கசக்கினால் மற்றவர்களுக்கு ரசம் ஞாபகம் வரும். எனக்குக் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைக் குடியிருப்பின் செம்மண் பாதையும், சாயங்கால வெயிலும், கடையை நோக்கி ஓடிய என் பத்து வயதுக் கால்களும்தான் வரும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருவள்ளூரில் குடும்பத்தார் செய்துவந்த பெருமாள் கோயில் வேலையை விட்டு, அப்பா இங்கே ஓர் ஆலையில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தார். எங்கள் கொல்லையிலேயே ஆளுயரக் கறிவேப்பிலைச் செடி இருந்தது. ஆனாலும் சில மாலைகளில், அப்பா வாசலில் செருப்பை உதறும் சத்தம் ஒரு மாதிரியாக இருந்தால், அம்மா அவசரமாக, "போய்க் கறிவேப்பிலை வாங்கிண்டு வாடி" என்பாள். செடி இருக்கிறதே என்றால், "விளக்கு வெச்சப்புறம் செடியில கை வைக்கப்படாது" என்பாள். விளக்கு வைக்காத வேளையிலும் அதே பதில்தான். நான் அசடு, நம்பினேன். திரும்பி வரும்போது அவள் கண் சிவந்திருக்கும். அடுப்புப் புகை என்பாள்.

அப்பாவுக்கு நாடகப் பைத்தியம். ஆலை மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு அவர் எழுதிய நாடகத்தில் குடிகார மீனவன் ஒருவன் பெண்டாட்டியைப் போட்டு அடிப்பான். படித்த பெரியவர் ஒருவர் வந்து புத்தி சொல்லித் திருத்துவார். வழக்கமாகப் பெண் வேஷம் கட்டும் ஸ்டோர்கீப்பருக்கு அந்த வருஷம் மீசையை எடுக்க மனமில்லை. "அசல் ஆளையே போட்டுடலாம். அடி வாங்கறது அவாளுக்குப் பழக்கம்தானே, சொல்லித் தரவே வேண்டாம்" என்று, பழவேற்காட்டுப் பக்கமிருந்து குடியிருப்புக்கு மீன் கொண்டுவரும் கன்னியம்மாவை அழைத்துவிட்டார் அப்பா. பக்கத்து வீட்டாருக்கு மீன் ஆய்ந்து கொடுக்க அவள் தினமும் சாயங்காலம் உட்காருகிற இடம், சாத்தினாலும் இடுக்கு விடும் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே. மீனவக் குழந்தையாக நடிக்க வேறு எந்த வீட்டிலும் பிள்ளையைத் தராததால், அந்த வேஷம் எனக்கு.

ஒத்திகைகளில் கன்னியம்மா அப்பா சொன்னபடியே தலையில் அடித்துக்கொண்டு கதறினாள். நானும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

விழா அன்று மூன்றாம் காட்சியில் மீனவன் தள்ளாடி நுழைந்தான். நான் அழ வாயைத் திறந்தேன். கன்னியம்மா குனிந்து என் தலையைத் தடவி, நாடகத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னாள்: "பாப்பா, கடைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கினு வா."

பழக்கத்தில் கால்கள் நடந்துவிட்டன. திரையோரம் போய்த் திரும்பினேன். நான் கடைக்குப் போன பிறகு நடப்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவள் அட்டை ஜன்னலைச் சாத்தினாள். வளையல்களை முழங்கை வரை ஏற்றிக்கொண்டாள். சுவரோரம் குந்தி, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அடி விழ விழ ஒரு சத்தமும் இல்லை. என் பக்கத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுத்த அப்பா, "கத்து, கத்து" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். பெண்கள் வரிசையில் அம்மா தலை நிமிர்ந்து மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாடகம் முடிந்ததும் மேனேஜர் கைதட்டிக்கொண்டே வந்தார். "என்னம்மா, எல்லாம் வீட்டு அனுபவமா?"

"இன்னா சார் நீ! எங்க ஊட்டுக்காரரு ஒரு நாளும் என் மேல கைநீட்டினதில்ல. இதெல்லாம் உங்க குவார்ட்டர்ஸ்ல மீன் ஆயசொல்லோ கத்துக்கினதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நாங்கள் மூவர் சிரிக்கவில்லை.

அன்றோடு அப்பா திருந்திவிட்டார் என்று எழுதினால் அது அவருடைய நாடகம் மாதிரி ஆகிவிடும். ஆனால் அடுத்த முறை செருப்புச் சத்தம் மாறியபோது அம்மா என்னைக் கடைக்கு அனுப்பவில்லை. "இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டு ஜன்னலை விரியத் திறந்தாள். கீழே கன்னியம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பா திரும்பச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பெரும்பாலும் அப்படி முடிந்தது, எப்போதும் அல்ல.

இப்போது அந்தக் குடியிருப்பு இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. நாடகம் போடும் மன்றமும் இல்லை. கன்னியம்மா என்ன ஆனாள் என்று சொல்ல ஆளில்லை. அப்பா போன பிறகு அவர் டிரங்குப் பெட்டியில் அந்த நாடக நோட்டு கிடைத்தது. மூன்றாம் காட்சியில் 'கதறி அழுகிறாள்' என்பதை அடித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: 'குழந்தையைக் கடைக்கு அனுப்புகிறாள். ஜன்னலைச் சாத்துகிறாள்.'

அம்மாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"வளையலை விட்டுட்டாரே" என்றாள்.