விமானத்துக்குக் கீழே வீடுகள்

அத்தை அநேகமாக ஒவ்வொரு சாயங்காலமும் எங்கள் வீட்டு ஹாலில் செத்துப்போனாள். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

அப்பாவின் கடைசித் தங்கை அவள். ஹைதராபாத் பேகம்பேட்டில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளத் திருச்சியிலிருந்து வந்து, குஷாய்குடாவில் எங்களோடு தங்கியிருந்தாள். ஊரார் வீட்டுப் பெண்களெல்லாம் கம்ப்யூட்டர் வேலைக்காக ஹைதராபாத் வரும்போது தன் தங்கைக்கு மட்டும் புத்தி ஏன் மேலே போனது என்று அப்பா அலுத்துக்கொள்வார். காலையில் அவளை ஸ்கூட்டரில் பஸ் நிறுத்தம்வரை கொண்டுபோய் விடுவதும் அவர்தான். அம்மா விமானச் சத்தம் கேட்டால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள்.

அப்பா தெரிந்தவரிடமிருந்து வாங்கி வந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று ஹாலில் இருந்தது. அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றை அத்தை ஏற்றி வைத்திருந்தாள். விளையாட்டு என்பது என் பேச்சு. அவள் பயிற்சி என்பாள். ஓடுபாதையை விட்டுக் கிளம்புவதெல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கும். ஊருக்கு மேலே போனதும் படம் திக்க ஆரம்பிக்கும். என்ஜின் சத்தம் நின்றுபோகும். தரை ஒரு தாவு தாவி, அசையாமல் நின்று, மறுபடி தாவும்போது இன்னும் கிட்டே வந்திருக்கும். வீடுகள், மரங்கள், ஒரு நீண்ட ஊதல், அவ்வளவுதான். விமானம் நொறுங்கிவிட்டது என்று இங்கிலீஷில் ஒரு வரி வரும். சில நாள் ஹுசேன் சாகர் ஏரியில் போய் விழுவாள். விழுந்தபின் ஒரு வாய் காபி குடித்துவிட்டு மறுபடி ஓடுபாதைக்குப் போவாள்.

“ஏன் அத்தை விழுந்துட்டே இருக்கீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்குல்ல, அதான்” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதை நான் நம்பினேன். இங்கே விழுகிறவள் அங்கேயும் விழத்தானே செய்வாள்? கூடிய சீக்கிரம் ஆசிரியர் கூட இல்லாமல் தனியாக ஒரு சுற்று ஓட்டப்போகிறாள் என்று வீட்டில் பேச்சு அடிபட்டது. அதற்குள் இந்தக் கம்ப்யூட்டர் வேகமாக ஓடியாக வேண்டும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது வானத்தில் ஒரு சின்ன விமானம் இரைந்தால் போதும், ஜன்னலை எட்டிப் பார்ப்பேன்.

பக்கத்து வீட்டில் இரண்டு தலைமுறையாக ஹைதராபாத்திலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். அந்த வீட்டு அண்ணன் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். நான் கூப்பிட்டு வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு கொஞ்சம் மெமரியை வைத்துக்கொண்டு அது பாவம் எதையென்று வரையும் என்று பரிதாபப்பட்டான். பின்னால் ஓடுகிற மற்றதையெல்லாம் மூடச் சொன்னான். மேகத்தையும் நிழலையும் எடுக்கும் இடத்தைக் காட்டினான். பெரிய சுமை ஊர்தான் என்றான்.

“வீடு நக்கோ, மரம் நக்கோ. ரன்வே இருந்தா போதும்.” வேண்டாம் என்பதற்கு அந்த ஊர்ப் பேச்சில் நக்கோ.

அத்தை இல்லாத நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்தேன். பிறகு நானே ஓட்டிப் பார்த்தேன். எண்ணெயில் வழுக்குவதுபோல் விமானம் போனது. கீழே பழுப்பு நிறத்தில் வெறும் தரை. ஒரு வீடு இல்லை, ஒரு மரம் இல்லை. அந்த ஆளற்ற ஊரைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் அத்தை பிழைத்துவிடுவாள்.

மறுநாள் வீடுகள் திரும்பி வந்திருந்தன. மரங்களும். மேகமும் நிழலும் மட்டும் வரவில்லை. வந்ததை நீக்கினேன், மறுபடி முளைத்தன. திரும்பத் திரும்ப இதே கதைதான். அத்தை சாகவேண்டும் என்று நினைக்கிற ஏதோ ஒன்று கம்ப்யூட்டருக்குள் குடியிருப்பது எனக்கு உறுதியாகிவிட்டது. அணைந்த திரையைப் பார்க்காமல் ஹாலைத் தாண்டி ஓடுவேன். ஒருநாள் அதன் நெற்றியில் திருநீறு பூசிவைத்தேன். அம்மா பார்த்தாள், தானும் கொஞ்சம் பூசினாள்.

அதன் பிறகு ஒரு சாயங்காலம் வீடுகள் இருந்தும் படம் திக்கவில்லை. மேகம் போன லாபம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். என்ஜின் சத்தம் நின்றது. வீடுகள் வழுவழுவென்று, நிற்காமல், மேலே ஏறி வந்தன. அத்தை விழுந்தாள்.

இனி கம்ப்யூட்டரைக் குறை சொல்ல வழியில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “போகாதீங்க அத்தை” என்று அழுதேன். அவள் கை ஈரமாக இருந்தது. காபி டம்ளரின் ஈரம் என்று நினைத்துக்கொண்டேன்.

தனியாக ஓட்டும் நாளும் வந்தது. வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கூடம் போகாமல் வாசலிலேயே நின்றேன். மத்தியானம், அன்று பேகம்பேட்டுக்கே கூடப் போயிருந்த அப்பாவின் ஸ்கூட்டர் வந்தது. பின்னால் அத்தை, தலையிலிருந்து கால்வரை தொப்பலாக நனைந்து. ஹுசேன் சாகரில் விழுந்துவிட்டாள் என்று நான் அலறிய அலறலில் பக்கத்து வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள். முதல்முறை தனியாக ஓட்டி இறங்குகிறவர் தலையில் கூடப் படிப்பவர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவது வழக்கமாம். அப்பா சிரித்துச் சிரித்து விளக்கினார். அம்மா துண்டோடு வந்து அத்தையின் தலையை அழுத்தித் துவட்டினாள், வெகுநேரம் விடவில்லை.

இங்கே மட்டும் ஏன் விழுந்துகொண்டே இருந்தீர்கள் என்று பிறகு கேட்டேன்.

“என்ஜினை நான்தான்டி நிறுத்துவேன். நடுவானத்துல நின்னுபோச்சுன்னா எங்க இறக்கறதுன்னு பழகணும்ல?” என்றாள். நான் வீடுகளை நீக்கிய கதையைச் சொன்னதும் என் காதைப் பிடித்தாள். “நீதானா அது? வீடே இல்லாத ஊர்ல எங்க வேணா இறக்கலாம், குட்டி. அதான் திருப்பித் திருப்பி வச்சேன்.”

எனக்குப் பெரிய நிம்மதி. வேண்டுமென்றே விழுந்தவளுக்கு என்ன ஆபத்து என்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். தன் கையாலேயே என்ஜினை நிறுத்தி, அத்தனை சாயங்காலமும் வீடுகளுக்கு நடுவே இறங்க ஓர் இடம் தேடியவள், ஒருமுறைகூட அதைக் கண்டுபிடிக்காமலே தனியாக ஓட்டப் போன அன்று காலை அம்மாவிடம் சிரித்து விடைபெற்றுப் போனாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.