அக்காவின் பாதிக்கல்

என் அக்காவுக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர் சொந்தம். பத்திரம் எதுவும் கிடையாது. மலைகளின் மேல் ஏறி இறங்கிப் போகும் நெடும்பாதை ஒன்று எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. மொத்தம் ஆயிரத்து நூற்று எண்பது கிலோமீட்டர். நடப்பவர்கள் வழி தவறாமல் இருக்கப் பாறைகளிலும் மரங்களிலும் மஞ்சள் கோடு போட வேண்டும். அந்த வேலையைப் பாதை அலுவலகம் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. அதில் ஒரு துண்டு அக்காவுடையது. எங்கள் வீட்டில் மூன்று அறைகள், மூன்றிலும் மஞ்சள் பெயின்ட் உண்டு. கதவுக் கைப்பிடியில், குளியலறைக் குவளையில், ஒருமுறை என் தலைமுடியிலும்.

ஒரு கோட்டருகே நின்றால் அடுத்த கோடு கண்ணில் பட வேண்டும் என்பது விதி. போகிறவருக்குத் தெரிகிற பாறை எதிரே வருகிறவருக்குத் தெரியாது. அதனால் அக்கா தன் துண்டைப் போகும்போது ஒரு தரம், திரும்பும்போது ஒரு தரம் என்று இரண்டு தடவை பார்த்துப் பார்த்துப் போடுவாள். ஆள் குள்ளம். தன் கண் உயரத்தில் போட்டுவிடுவதால் நெட்டையானவர்கள் குனிந்துதான் தேட வேண்டியிருக்கிறது. "மலையில கொஞ்சம் குனிஞ்சு நடந்தா யாருக்கும் ஒண்ணும் குறைஞ்சிடாது" என்பாள். பேச்சில் அவளை மடக்க முடியாது.

எனக்கு அடிவாரத்தில் காலணி தைக்கும் கடை. பாதையின் சிறப்புகளெல்லாம் எனக்குக் காலணி வழியாகத்தான் பழக்கம். முன்மூக்கு பிய்ந்து வந்தால் ஏணிப்பாறை. செங்குத்தாக முப்பத்திரண்டு இரும்புப் படிகள். தையலுக்குள் பாசி அடைந்திருந்தால் இரட்டை அருவி. பக்கவாட்டில் கிழிந்திருந்தால் உருண்டைக்கல் வெளி. அலமாரி அளவுக் கற்களுக்கு நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு போக வேண்டும். கயிற்றுப்பாலத்தில் மட்டும் காலணிக்கு ஒன்றும் ஆகாது, போட்டிருப்பவரின் முகம்தான் வெளுத்திருக்கும்.

ஆனால் கடைக்கு வருகிறவர்கள் வாய் ஓயாமல் பேசுவது பாதிக்கல்லைப் பற்றித்தான். கணவாயின் உச்சியில் மார்பளவு உயரத்தில் ஒரு பாறை. அதில் கைவைத்து நின்றால் நடந்து வந்த மலைகள் ஒரு பக்கம், இனி நடக்க வேண்டிய மலைகள் மறுபக்கம். 'பாதி' என்று அதில் அக்கா எழுதி, போன வருஷத்தோடு இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதைக் கட்டிப்பிடித்து அழுதவர்கள் உண்டு. ஒரு ஜோடி அங்கேதான் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்தது. இன்னொரு ஜோடி அங்கிருந்து ஆளுக்கொரு திசையில் வீட்டுக்குப் போனது. ஆயிரத்து நூற்று எண்பது கிலோமீட்டருக்கும் ஒரே ஒரு பாதிதான், அது தன்னிடம் இருக்கிறது என்பதில் அக்காவுக்குத் தலைகால் புரியாத பெருமை.

கல்லைத் தாண்டி நூறு மீட்டரில் அவள் எல்லை முடிந்துவிடும். அதற்கப்பால் தொப்பிக்காரரின் துண்டு. குளித்தாலும் தொப்பியைக் கழற்ற மாட்டார் என்று ஊரில் பேச்சு. "நூறே நூறு மீட்டர்ல போச்சுங்க" என்று பார்க்கும்போதெல்லாம் அவர் புலம்புவதும், "கொடுப்பினை வேணும்" என்று அக்கா சீண்டுவதும் வாடிக்கை.

போன வருஷம் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அக்கா அதை என் கடை முக்காலியில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். செயற்கைக்கோள் கருவியால் பாதையைப் புதிதாக அளந்திருக்கிறார்கள். உண்மையான பாதி, கல்லுக்கு இருநூற்றுப் பத்து மீட்டர் அப்பால் இருக்கிறதாம். அதாவது தொப்பிக்காரரின் துண்டில். கல்லைக் குறித்த காலத்தில் அளவுச் சக்கரத்தை உருட்டிய அக்கா, விதிப்படிதான் அளந்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பழைய கல்லே இருக்கட்டும். இல்லாவிட்டால் மாற்ற வேண்டும்.

ஊசி என் விரலில் ஏறியது.

அளவுச் சக்கரம் என்பது நீளக் கைப்பிடியில் ஒற்றைச் சக்கரம். உருட்டிக்கொண்டே போனால் தூரத்தை எண்ணும். அன்றைக்கு நானும் துணைக்குப் போயிருந்தேன். கணவாயில் அக்கா அந்தப் பாறை நிழலில் கண்ணயர்ந்துவிட்டாள். கேனில் தண்ணீர் இல்லை. கீழே ஒரு ஊற்று தெரிந்தது. கேனைச் சக்கரத்தின் கைப்பிடியில் மாட்டி, தள்ளுவண்டி மாதிரி உருட்டிக்கொண்டு போய் வந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் அது டக்கென்று சத்தம் போட்டதில் எனக்கு ஒரு குஷி. அக்கா எழுந்து, தண்ணீர் குடித்து, சக்கரம் காட்டிய எண்ணைப் பாறையின் பெயரில் குறித்துக்கொண்டாள். போக இருநூற்றுப் பத்து, வர இருநூற்றுப் பத்து. மொத்தத்தில் நானூற்று இருபது கூடினால் நடு இருநூற்றுப் பத்து விலகும்.

"போடு கையெழுத்து" என்றேன், முந்திக்கொண்டு. "நீ ஒழுங்காத்தானே அளந்தே."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "யோசிக்கிறேன்டி" என்று கடிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சொன்னால் கல் போய்விடும். சொல்லாவிட்டால் அக்கா பொய்க்குக் கையெழுத்துப் போடுவாள், அதுவும் அது பொய் என்று தெரியாமலே. ஒருவருடைய இடது காலணியில் வலது அடிப்பாகத்தை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அவர் ரொம்ப நல்லவர், கடைவாசல் வரைக்கும் நடந்து பார்த்துவிட்டுத்தான் திட்டினார்.

பத்தாம் நாள் காலை, "கணவாய்க்கு வர்றியா?" என்று அக்கா கேட்டாள். ஏணிப்பாறையின் முப்பத்திரண்டு படியிலும் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது, மூச்சுதான் வரவில்லை. மேலே போய் அவள் பையைத் திறந்தாள். உள்ளே மஞ்சளோடு சாம்பல் நிற பெயின்டும் இருந்தது.

"எதுக்கு அது?"

"அழிக்கத்தான். கையெழுத்துப் போடலை."

அதற்கு மேல் தாங்கவில்லை. கேன், ஊற்று, டக் டக் சத்தம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அக்கா டப்பாவைக் கலக்கிக்கொண்டே கேட்டாள்.

"தெரியும்டி" என்றாள். "அன்னைக்கு சக்கரத்துல சேறு ஒட்டியிருந்துச்சு. காஞ்சு கிடந்த பாதையில ஏது சேறு? துடைச்சேன், யோசிக்கலை. கடிதத்துல இருநூத்திப் பத்துன்னு பார்த்ததும்தான் யோசிச்சேன். போய் ஊத்து வரைக்கும் அளந்தும் பார்த்துட்டேன்."

"அப்ப ஏன் என்கிட்ட கேக்கலை?"

"நீயா சொல்றியான்னு பார்த்தேன். பரவாயில்லை, மலையேறியாவது சொன்னியே."

"ஆபீஸுக்கு என்னன்னு எழுதினே?"

"என் தப்புன்னு. சக்கரம் என் பொறுப்பு. அதை விட்டுட்டுத் தூங்கினது நான்தானே?"

அந்த இடத்தில் அழுதவர்களின் பட்டியலில் நானும் சேர்ந்தேன். அவளுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

அலுவலகம் சொல்லி அனுப்பியிருந்ததால் தொப்பிக்காரரும் வந்து சேர்ந்தார். சந்தோஷத்தில் குதிப்பார் என்று நினைத்தேன். மனிதர் தொங்கிய முகத்தோடு நின்றார்.

"போய்ப் பார்த்தேங்க. முள்ளுப் புதர். ஒரு வளைவு. எந்தப் பக்கமும் ஒரு மலைகூடத் தெரியலை. இதுக்கா இருபத்திரண்டு வருஷமா வயிறெரிஞ்சேன்?"

அக்கா வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு பைக்குள் கைவிட்டு, கல்மேல் வைத்துப் பெயின்ட் பூசுவதற்காக 'பாதி' என்று எழுத்து வெட்டிய தகட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். அந்தத் தகட்டை என்னைக்கூடத் தொடவிட மாட்டாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கும்போது தொப்பியைக் கழற்றினார். வழுக்கை.

அவர் போனதும் அக்கா கல்லில் இருந்த எழுத்தைச் சாம்பலால் மூடினாள். காயும் வரை உட்கார்ந்திருந்து, மஞ்சளில் எழுதினாள்: 'பாதிக்கு இன்னும் 210 மீட்டர்.' தூரிகையை என் கையில் கொடுத்தாள்.

"அடுத்த வரி நீ எழுது. உனக்குத் தெரிஞ்ச வழிதானே."

கோணல்மாணலாக எழுதினேன்: 'கீழே தண்ணீர். அதுவும் 210 மீட்டர்.'

நடக்கிறவர்கள் இப்போதும் அந்தக் கல்லைத்தான் கட்டிப்பிடிக்கிறார்கள். தொப்பிக்காரர் முள்ளை வெட்டி ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார், அதில் பெரும்பாலும் அவரே உட்கார்ந்திருக்கிறார். முன்பெல்லாம் யாரும் இறங்காத ஊற்றுக்கு இப்போது ஒற்றையடிப் பாதையே விழுந்துவிட்டது. கடைக்கு வரும் காலணிகளில் ஏணிப்பாறை, அருவி, உருண்டைக்கல் எல்லாவற்றோடும் அந்த ஊற்றுச் சேறும் ஒட்டியிருக்கிறது. துடைக்காமல் தைக்க முடியாது. துடைக்கிறேன், யோசித்துக்கொண்டே.