குதிரைக்கால் போஸ்டரைச் சுவரிலிருந்து எடுத்தவன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்படிப்பட்டவன் இந்தத் திருவனந்தபுரத்தில் உண்டாக்கியவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாலை என்கிற பெரிய சந்தையின் பக்கச் சந்தில் பதினாறு பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் சோற்றுக்கடை. அதன் தலைக்கு மேலேயே மாடி எடுத்துக் கட்டிய வீடு. ஆணி முதல் ஓடு வரை நான் நின்று வாங்கியது. ஒரே மகளை இஞ்சினியருக்குப் படிக்க வைத்து, ஊருக்கு வடக்கே கழக்கூட்டத்தில், கம்ப்யூட்டர் கம்பெனியின் கண்ணாடிக் கட்டடத்துக்குள் வேலைக்கு அனுப்பினேன். மலையாளத்தை எந்த வாத்தியாரும் இல்லாமல், பஸ் போர்டையும் சினிமாப் போஸ்டரையும் எழுத்துக்கூட்டியே படிக்கக் கற்றேன். கடைசியாக, பழைய சினிமாப் போஸ்டர்கள். நூற்றுக்கு மேல் இருக்கின்றன. இந்த ஊரில் என்னிடம் உள்ளதைப் போல இன்னொருவரிடம் இருந்தால் கொண்டுவந்து காட்டட்டும், நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

கடைப் பலகையில் என் பெயர் இருக்கிறது. வீட்டு வரி ரசீதில் இருக்கிறது. மகளின் பட்டத்தில்கூட இன்னாரின் மகள் என்று இருக்கிறது. போஸ்டரில் மட்டும் இல்லை. என் கையால் எடுத்த போஸ்டர் கண்ணாடிச் சட்டத்துக்குள் நிற்கிறது, கீழே வேறு பெயர். அதைப் பார்த்த நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

உட்கார முடியாதது புதிதில்லை என்பாள் என் மனைவி. உண்மைதான். படம் பார்த்துவிட்டு வந்தால் சிலருக்குத் தூக்கம் வரும். எனக்குக் கால் பரபரக்கும். மதியப் பந்தி முடிந்து இலை எடுத்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். கிழக்கேகோட்டை, ஸ்ரீவராகம், திரும்பி மறுபடி கிழக்கேகோட்டை. கோயிலுக்குப் போவதாகத்தான் தெருக்காரர்கள் நினைத்தார்கள். நான் சுவர்களைப் பார்த்துக்கொண்டு போனேன். எந்தச் சுவரில் எது ஒட்டியிருக்கிறது, எதன்மேல் எதை ஒட்டினார்கள், எதன் ஓரம் காற்றில் தூக்கியிருக்கிறது. ஓரம் தூக்கியிருந்தால் கை சும்மா இருக்காது.

இப்போது குதிரைக்காலுக்கு வருகிறேன்.

நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு ஓட்டலில் கிளாஸ் கழுவினேன். எதிரே தியேட்டர். அதன் பெண்கள் டிக்கெட் எடுக்கும் சந்தில் ஆறு ஷீட் போஸ்டர் ஒன்று ஒட்டினார்கள். பெரிய போஸ்டர் ஒரே தாளாக வராது. ஆறு தாளாக வரும், சுவரில் சேர்த்து ஒட்டவேண்டும். நான் உயிரை வைத்திருந்த நடிகை அதில் மடியில் வீணையோடு இருந்தார். மூக்குத்தி மட்டுமே என் உள்ளங்கை அகலம். ஆனால் வலது பக்கக் கீழ்மூலையில் வீணையின் குடம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குதிரையின் கால் இருந்தது. குளம்பும் லாடமுமாக, மண்ணைக் கிளப்பிக்கொண்டு. ஒட்ட வந்தவருக்கு ஒரு ஷீட் குறைந்துவிட்டது. பையில் கிடந்த வேறு படத்தின் ஷீட் ஒன்று அதே சிவப்பில் இருந்ததால் எடுத்து ஒட்டிவிட்டுச் சைக்கிளில் போய்விட்டார். அந்தத் தொழிலில் அது நடப்பதுதான். சுவரை மொட்டையாக விடக்கூடாது, அவ்வளவே சட்டம்.

பாஷை தெரியாமல், யாரிடமும் பேச்சில்லாமல், ஊருக்கே திரும்பிப் போய்விடலாமா என்று நான் இருந்த நாட்கள் அவை. அந்தக் குதிரைக்காலைப் பார்த்துத்தான் இந்த ஊரில் முதன்முதலாகச் சிரித்தேன். பக்கத்தில் வரிசையில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். சிரிப்பதற்கு மலையாளம் தெரியவேண்டியதில்லை. அடுத்த வாரம் அதன்மேல் இன்னொரு போஸ்டர் ஏறியது. அதற்கு மேல் இன்னொன்று. ஆனால் அடியில் அது இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தச் சந்துக்கு மேலே தகரக் கூரை, மழை படாது, யாரும் சுரண்டுவதும் இல்லை. வருஷக்கணக்கில் தாள்மேல் தாளாக ஏறி, சுவர் கோரைப்பாய்க் கட்டைப்போலத் தடித்துக் கிடந்தது. ஒவ்வொரு முறை கடக்கும்போதும் அந்த மூலையைத் தொட்டுப் பார்ப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தத் தியேட்டரை இடிக்கிறார்கள் என்று கடைக்குச் சாப்பிட வந்த கொத்தனார் ஒருவர் சொன்னார். மூன்று நாளில் கூரை இறங்கிவிடும், மழைக்காலமும் தொடங்கப் போகிறது. நான் கடையைப் பூட்டினேன்.

“கடையப் பூட்டிப்போட்டுட்டுச் செவுத்தச் சுரண்டப் போறியளாக்கும்?” என்றாள் மனைவி.

“மூணு நாளு.”

“எங்கம்மா செத்ததுக்கு ஒண்ணரை நாளுதான் பூட்டுனிய.”

தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு போனேன்.

தோசைத் திருப்பி எதற்கு என்று கேட்பீர்கள். படித்தவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவர்ப் போஸ்டரை உரிக்கக் கூடாது, வேகவைத்து எடுக்கவேண்டும். சாக்கைச் சுடுதண்ணீரில் நனைத்துச் சுவரில் சார்த்தி, கழியால் முட்டுக் கொடுத்து நிறுத்தவேண்டும். மைதாப் பசை மெல்ல இளகும். பிறகு ஓரத்தில் திருப்பியை நுழைத்து, தோசை வெந்ததா என்று தூக்கிப் பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்க்கவேண்டும். வேகாத தோசை எப்படிப் பிய்யுமோ அப்படிப் பிய்யும், விட்டுவிட வேண்டும். வெந்ததானால் தானே எழும்பி வரும். இதை எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை. இருபத்தைந்து வருஷம் தோசைக்கல்லின் முன்னால் நின்ற கைக்குத் தெரிந்தது.

இடிக்க வந்த கூலிக்காரர்கள் பாதிப்பேர் எங்கள் ஊர்ப் பக்கம். மூன்று நாளும் அவர்களுக்கு என் வீட்டிலிருந்து சோறு. அதற்குப் பதிலாக அந்தச் சந்தின் கூரையை மட்டும் கடைசிக்கு வைத்தார்கள். வீட்டில் வெந்நீர் போட்டது, சோறாக்கிக் கொடுத்தனுப்பியது எல்லாம் மனைவிதான். ஒண்ணரை நாளைச் சொல்லிக்கொண்டேதான் செய்தாள்.

இரண்டாம் நாள் அந்த ஒட்டுக்காரரே வந்தார். கிழவராகிவிட்டார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடப்பார். மலையாளிதான், ஆனால் சாலைச் சந்தையில் பழகியவர்களுக்கு வரும் கலப்புத் தமிழ் அவருக்கும் வரும்.

“எந்தரு அண்ணாச்சி, பசு திங்கணதெல்லாம் இப்ப நீங்க திங்கத் தொடங்கியோ?”

கோட்டைப் பக்கத்து மாடுகள் மைதாப் பசை ருசிக்குப் போஸ்டரைத் தின்றுவிடும். அதனால் அவர் ஒருவர் மட்டும் பசையில் மயில்துத்தம் கலப்பார். மாடு நக்கிப் பார்த்துவிட்டுப் போய்விடும். துத்தம் கலந்த தாளின் முதுகில் பச்சை ஏறியிருக்கும்.

“சேட்டா, குதிரைக்கால் எத்தனாவது அடுக்குல இருக்கும்?”

“எந்தக் குதிர?”

சொன்னேன். அவருக்கு ஞாபகமே இல்லை. வெட்கப்பட்டவர்போல மூக்கைத் தேய்த்தார். “ஒரு ஷீட் கொறஞ்சா பின்ன எந்து செய்யும்? மொதலாளி வந்து பாக்கும்போ செவுரு நெறஞ்சிருக்கணும்.” பிறகு கண்ணைச் சுருக்கிச் சுவரின் வெட்டுவாயில் தெரிந்த தாள் அடுக்குகளைப் பார்த்தார். “பச்ச கண்டா நிர்த்திக்கோ. பச்ச என்டெ கையாக்கும்.” பச்சை தெரிந்தால் நிறுத்து, அது அவர் கைவேலை என்கிறார்.

மூன்றாம் நாள் மதியம், மறுபக்கத்தில் சுவர் விழும் தூசு என் தலையெல்லாம் படிய, பச்சை வந்தது. கீழ்மூலையில்தான் ஆரம்பித்தேன். திருப்பி நுழைந்தது, தூக்கினேன், லாடம் தெரிந்தது. ஆறு ஷீட்டையும் எடுத்து முடித்து மாடித் தரையில் பரப்பிய பிறகுதான் தலையிலிருந்த தூசைத் தட்டினேன்.

எல்லாம் சரியாகவே செய்தேன் என்று சொல்லமாட்டேன். முன்பு எடுத்த போஸ்டர்களில் இரண்டைப் பழைய வேட்டித் துணியில் வெறும் மைதாவால் ஒட்டி வைத்து, பாச்சைக்குத் தீனியாக்கினேன். அதன் பிறகே நானும் துத்தம் கலந்தேன். குதிரைக்காலைப் பாச்சை தொடவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்திலிருந்து ஒரு பேராசிரியர் என் மாடிக்கு ஏறி வந்தார். கல்லூரியில் ஓய்வு பெற்றவர், ஒரு பிலிம் சொசைட்டியின் காரியதரிசி. நல்ல மனிதர், அதையும் எழுதிவிடுகிறேன். குதிரைக்காலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எப்படி ஓய் இத எடுத்தேள்?”

“தோசைத் திருப்பிதான் சார்.”

நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்தார். கண்காட்சி வைக்கப்போவதாகச் சொல்லிப் பதினொரு போஸ்டரை வாங்கிக்கொண்டு போனார். மேளதாளம் இல்லாத குறையாக நானே ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

திறப்பு நாளன்று வெள்ளைச் சட்டை போட்டுப் போனேன். மனைவியும் மகளும் வந்தார்கள். மண்டபத்தின் நடுவில் அந்த நடிகை. மூக்குத்தி, வீணையின் கழுத்து, விரல்கள். வலது கீழ்மூலையில் வெள்ளைத்தாள். குதிரைக்கால் இல்லை. அடியில் ஒரு அட்டை, மலையாளத்தில். எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘சொசைட்டியின் சேகரிப்பு’ என்றிருந்தது. கூட்டியது தப்போ என்று மறுபடி படித்தேன். மகள் என் கையைப் பிடித்தாள். அதிலிருந்தே சரியாகத்தான் படித்திருக்கிறேன் என்று தெரிந்தது.

“சார், மூலைல உள்ளது எங்க?”

“அது வேற படத்தோட ஷீட். தப்பா ஒட்டினது. அத வெச்சா பாக்கறவா சிரிப்பா.”

“சிரிக்கத்தான் சார் அது அங்க இருக்கு.”

“ஒரு ஒழுங்கு வேண்டாமோ? வெளியூர்லேர்ந்தெல்லாம் பாக்க வரா.”

“சரி. எம் பேரு?”

“நன்றின்னு ஒரு போர்டு வாசல்ல வெச்சிருக்கோமே, அதுல இருக்கேள்.”

வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். நீளமான வரிசை. பந்தல்காரர் பெயர் இருந்தது, ஒலிபெருக்கி வைத்தவர் பெயர் இருந்தது. கடைசி வரியில் ‘சாலையில் ஒரு ஓட்டல் உடமஸ்தன்.’ ஒரு ஓட்டல் முதலாளி, அதாவது நான். பேராசிரியரும் பின்னாலேயே வந்து நின்றார். அவர் முகமும் சுண்டிவிட்டது.

“அவசரத்துல டைப் பண்ணினவன் விட்டுட்டான். நீங்க கோவிச்சுக்கப்படாது. அடுத்த தடவை…”

“அடுத்த தடவை எடுக்கச் சுவரு இல்ல சார்.”

“மூணு நாளு கடையப் பூட்டுன மனுசன் சார் இவரு,” என்றாள் மனைவி. அவ்வளவுதான். ஆனால் அதை அவள் சொன்னாள் என்பதை நான் மறக்கமாட்டேன்.

கண்காட்சி முடிந்து பத்து போஸ்டர் திரும்பி வந்தது. குதிரைக்கால் ஷீட்டும் ஒரு குழாயில் சுருட்டி வந்தது. மற்ற ஐந்து ஷீட்டை மட்டும், நிரந்தரமாக ஒரு காட்சிக்கூடம் வருகிறது என்று சொல்லி, என் சம்மதக் கையெழுத்துக் கேட்டபடி அவர்களே வைத்திருக்கிறார்கள். பேராசிரியர் மூன்று முறை வீட்டுக்கு வந்துவிட்டார். நான் காப்பி கொடுத்தேன், கையெழுத்துக் கொடுக்கவில்லை. கூடம் திறக்கும்போது ஒரு மலர் போடுவார்களாம். ‘உங்க ஞாபகங்கள எழுதித் தாங்கோ, தமிழ்லயே போடறேன்’ என்று கேட்டார். அதுதான் இது. நான் நடந்துகொண்டே சொல்ல, மகள் உட்கார்ந்து எழுதினாள். ‘கொஞ்சம் நில்லுங்கப்பா, தலை சுத்துது’ என்கிறாள். நிற்க முடியவில்லை.

வாரத்தில் இரண்டு நாள் அந்தக் கூடத்துக்குப் போய்ப் பார்க்கிறேன். பூச்சு வேலை நடக்கிறது. காவலாளிக்கு என்னைத் தெரியும், எதற்கு வருகிறேன் என்று தெரியாது. அந்த நடிகை சுவரில் சாய்ந்து நிற்கிறார், மூலை வெள்ளையாக. பார்த்துவிட்டு வேகமாக வெளியே வந்துவிடுவேன். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையிருக்காது, நடந்தே கடைக்குத் திரும்புவேன்.

காசு வேண்டாம். மாலை வேண்டாம், மேடை வேண்டாம். ஆறாவது ஷீட் என் வீட்டில் இருக்கிறது, நானே கொண்டுவந்து என் கையால் அந்த மூலையில் ஒட்டித் தருகிறேன். அதற்கு முன் அட்டையை மாற்றவேண்டும். என் பெயர் ரேஷன் கார்டில் உள்ளபடி, அப்பாவின் முதல் எழுத்தோடு, மலையாளத்திலும் தமிழிலும் வேண்டும். ஒட்டியவர் பெயரும் போடுங்கள். அவர் இப்போது இல்லை, கேட்க ஆளில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். ஆனால் என் பெயருக்குக் கீழே போடுங்கள். என் பெயருக்கு முன்னால் ‘சேகரித்தவர்’ என்று எழுதவேண்டாம், கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்கிறவனையும் அப்படித்தான் சொல்வார்கள். ‘சுவரிலிருந்து எடுத்தவர்’ என்று எழுதுங்கள்.