கண் திறவாக் கன்றுகள்

தாம் கண்ட உண்மை தம் வீட்டையே சுடும் என்று அறிந்தும் அதை மறையாதிருப்பதே வாய்மை. சங்கரன்கோவிலுக்குத் தெற்கே, குளத்துப் பாசனத்தில் நெல் விளைவித்து வாழ்ந்த மூக்காண்டி அத்தகைய வாய்மை உடையவர்.

அவர் மணந்தது தம் அக்காள் பிச்சம்மாளின் மகள் பூமாரியை. தாய்மாமனுக்கு உரியவள் என்று பிறந்த மாதத்திலேயே பேசி முடித்த மணம் அது. முதல் இரண்டு மகவும் பிறந்து ஒரு மாதம் நிறையுமுன் மறைந்தன. அதன்பின் மூக்காண்டி, பிள்ளை வரம் வேண்டித் தம் தொழுவின் சிறந்த காளைக்குத் தொடையில் சூலக்குறி இட்டு, கோமதி அம்மையின் பெயரால் அவிழ்த்துவிட்டார். நேர்ந்துவிட்ட காளையைக் கட்டவோ, காயடிக்கவோ, அஃதிருக்க வேறொரு பொலிகாளையைக் கொணரவோ எவரும் துணியார். பத்தாண்டுகள் ஊர்ப் பசுக்கள் அனைத்தும் அதனிடமே சினைப்பட்டன.

விஜய வருடத்துக் கோடையில், அண்டை வயற்காரர் சண்முகையாவின் பசு ஈன்ற கன்று கண் திறக்கவில்லை. அடுத்த கிழமை வேறொரு தொழுவில் கால் மடங்கிய கன்று பிறந்தது. மூன்றாவது உயிரின்றியே விழுந்தது. அம்மன் சினம் என்று ஊரார் தொழுவெங்கும் வேப்பிலை கட்டினர். பூமாரி அப்பொழுது எட்டு மாதச் சூலி.

மூக்காண்டி தொழுவந்தொழுவாகச் சென்று தாய்ப்பசுக்களின் பிறப்பை விசாரித்தார். கேடுற்ற கன்றை ஈன்ற மூன்றும் அந்தக் காளைக்கே பிறந்தவை. சந்தையில் வாங்கி வந்த பசுக்களின் கன்றுகளுக்கோ குறையேதும் இல்லை.

குளக்கரையில் கூடியிருந்தவர்களிடம் அவர் சொன்னார்: "அம்மன் கோவம் இல்ல, அண்ணாச்சி. அப்பனுக்கே மக சினையாவுது. ஆணும் பொண்ணும் ஒரே ரத்தமா இருந்தா, அதுக்குள்ள மறைஞ்சு கெடந்த கொறை கன்னுல வந்து எறங்குது. காளைய நான் சிவகிரிக்கு நடத்திக் கொண்டு போறேன். அங்க உள்ள காளை ஒண்ணு இங்க வரட்டும்."

சண்முகையா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "மாட்டுக்கு நல்லாத்தான் நியாயம் சொல்லுதீரு வே. நீரு கட்டியிருக்கது யாரை? அக்கா மவளத்தானே?"

மற்றவர்களும் சிரித்தனர். மூக்காண்டி முகம் வெளிறிற்று.

"அதையும் சேத்துத்தான் சொல்லுதேன்," என்றார். சிரிப்பு அடங்கிற்று.

காளையின் கழுத்தில் கயிறு விழுந்ததைக் கண்டு பூமாரி குறுக்கே வந்து நின்றாள். "ஆத்தாளுக்கு விட்டதக் கொண்டு போறியளே மாமா. வயித்துல இருக்கத அவ கேட்டா என்ன செய்ய?"

மூக்காண்டி காளையோடு நடந்தார்.

நான்காம் நாள் வேற்றுக் காளையுடன் திரும்பியபோது உள்ளே நோவின் முனகல் கேட்டது. பெண் பிறந்தது. "கண்ணு?" என்றே முதலில் கேட்டார். "முழிச்சுத்தான் பாக்குது," என்றாள் மருத்துவச்சி. ஆயினும் முன்னவை கடவாத அந்த மாதம் கழியும்வரை அவர் தொட்டிலருகிலேயே கிடந்தார்.

முப்பத்தோராம் நாள், உறவினர் கூடிய வேளையில், பிச்சம்மாள் வெள்ளித் தண்டையோடு வந்தாள்.

"எம் மவன் பெத்துராஜுக்கு இவதான். தாய்மாமன் உரிமைய விட்டுருவோமா?"

"தண்டைய எடுத்துக்கோ எக்கா. இவள ரத்தத்துக்குள்ள குடுக்க மாட்டேன்."

"அப்ப எம் மவள நீ கட்டினது தப்புன்னு சபையில சொல்லுதியாலே?"

"ரெண்டையும் குழியில வச்சது நாந்தான எக்கா."

பிச்சம்மாள் தண்டையை மடியில் முடிந்துகொண்டாள். இட்ட இலையில் அமரவில்லை. பேத்தியின் முகத்தையும் பாராமல் படியிறங்கினாள். உறவினரில் பாதிப்பேர் அவள் பின்னே எழுந்தனர். பூமாரி தாயை அழைக்க வாயெடுத்து, கணவனைப் பார்த்து, குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

ஓருடலில் இருவராய் நின்றருளும் சங்கரநாராயணரும், தவக்கோலத்துக் கோமதித் தாயும் அந்தச் சிறு மகளின் ஆயுளைக் காப்பாராக. சினந்து சென்றவர்கள் அவ்வாசலுக்கு மீள்வாராக. அயலூர் மருமகனின் காலடி பட்டு அவ்வில்லம் வழிவழியாகத் தழைப்பதாக.